காரில் பீர் பில்லிங்குக்கு: பாராகிளைடிங் போட்டிக்குப் போகிறவர்களின் சாலைப் பயணம்

நம் ஊர் வடமாலபேட்டையிலிருந்து இமாச்சலத்தின் பீர் பில்லிங் சுமார் 2,600 கி.மீ. தூரம். இந்தியாவில் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி முதன்முதலாக நடந்தது அங்கேதான், 2015 அக்டோபரில். 2024 நவம்பரில் அது மறுபடியும் அங்கே வந்தது. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து பறக்கப் பழகி, வகுப்புகளை முடித்து, தெர்மல் என்னும் மேலெழும் வெப்பக் காற்றில் தனியாக ஏறத் தெரிந்த ஒருவருக்கு என்றாவது ஒரு நாள் பீர் போக வேண்டும் என்ற எண்ணம் வராமல் இருக்காது. அப்படிக் காரில் போகிறவர்களுக்காக எழுதியது இந்த அத்தியாயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனி ஆளாகப் போகிறவர் காரை எடுக்க வேண்டாம். ரேணிகுண்டாவில் ரயில் ஏறி டெல்லியில் இறங்கி, அங்கிருந்து இரவுப் பேருந்தில் பீர் போவதுதான் அவருக்கு நல்லது. மூன்று அல்லது நான்கு பேர் சேர்ந்தால்தான் கார் சரிப்படும். போட்டிக்கான இறக்கை, ஹார்னஸ், ரிசர்வ் பாராசூட், ஹெல்மெட், கருவிகள் எல்லாம் சேர்ந்தால் ஒருவருக்கே 20 கிலோவைத் தாண்டிவிடும். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 15 கிலோ. நான்கு பேர் கூடுதல் எடைக்குக் கட்டும் பணத்தையும், அங்கே போய் வாடகை வண்டிக்குக் கொடுப்பதையும் கூட்டிப் பார்த்தால் சொந்த வண்டியின் கணக்கு பிடிபடும். பணத்தைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. போட்டியில் பறப்பவர் எங்கே இறங்குவார் என்று அவருக்கே தெரியாது. அவரைத் தேடி அழைத்துவர நம்பகமான ஆளும் வண்டியும் தரையில் இருந்தால் மேலே மனம் அலையாது.

இறக்கை மடங்காத பெரிய கிளைடர்களின் உலகில் இது எப்போதுமே இப்படித்தான். ஐரோப்பாவில் 15 மீட்டர் இறக்கை கொண்ட கிளைடரைக் கழற்றி நீளமான மூடிய டிரெய்லரில் வைத்து, காருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நாடு விட்டு நாடு போவார்கள். விமானி ஏதாவது வயலில் இறங்கிவிட்டால் அதே டிரெய்லர் அங்கே போகும். பில்லிங்கிலும் 1980களில் ஹேங் கிளைடர்கள் பறந்த காலத்தில் நீளக் கம்பிக் கட்டுகளை வண்டியின் கூரையில் கட்டித்தான் மேலே ஏற்றினார்கள். நம் பாராகிளைடர் ஒரு பைக்குள் அடங்கிவிடுகிறது. அதனாலேயே பயணத்தில் அதற்கு ஒன்றும் ஆகாது என்று அலட்சியமாக இருந்துவிடுகிறோம். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

நாட்களை எப்படிப் பிரிப்பது

திட்டத்தைப் புறப்படும் நாளிலிருந்து போடக்கூடாது. போட்டியின் முதல் நாளைத் தாளில் எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முதல் டாஸ்குக்கு, அதாவது போட்டியின் முதல் நாள் பறத்தலுக்கு, மூன்று முழு நாட்கள் முன்பே பீரில் இருக்க வேண்டும். சாலைக்கு ஆறு நாட்கள். ஆக, போட்டி திங்கட்கிழமை தொடங்கினால் அதற்கு ஒன்பது நாட்களுக்கு முந்தைய சனிக்கிழமை காலையில் வீட்டிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும்.

ஆறு நாளா, நாலு நாளில் போய்விடலாமே என்று உடன் வருகிறவர் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். போகலாம்தான். ஆனால் இரண்டு இரவுத் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு 2,400 மீட்டர் உயரத்து மேட்டில் இறக்கையை விரித்து நிற்பவரின் கை தாமதமாகத்தான் அசையும். இறக்கையின் ஒரு பக்கம் மடிந்து விழும்போது பிரேக்கை எவ்வளவு இழுப்பது, எப்போது விடுவது என்பதெல்லாம் ஓரிரு நொடியில் முடிவாகும் விஷயம். சாலையில் சேர்ந்த களைப்பு சாலையிலேயே வெளிப்பட்டுவிடும் என்று நினைக்கக்கூடாது. அது டேக் ஆஃப் வரைக்கும் உங்களோடு வரும். இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

முதல் நாள் ரேணிகுண்டா, ரயில்வே கோடூர், ராஜம்பேட்டை, கடப்பா வழியாக நந்தியால், கர்னூல், ஹைதராபாத். 580 கி.மீ. அளவு, ஆறு நாட்களில் நீளமான நாள் இதுதான். விடியும்போதே கிளம்புங்கள். ரேணிகுண்டாவுக்கும் கடப்பாவுக்கும் நடுவே சேஷாசலக் காட்டை ஒட்டிய பகுதியில் செம்மரக் கடத்தலுக்காக வண்டிகளை நிறுத்திச் சோதிப்பார்கள். பெரிய பைகளைத் திறந்து காட்டச் சொன்னால் பொறுமையாகக் காட்டுங்கள். அதற்காகவே இறக்கைப் பைகளை எல்லாவற்றுக்கும் அடியில் புதைக்காமல் எளிதில் எடுக்கும்படி வையுங்கள். ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: புரட்டாசியில் திருமலை பிரம்மோற்சவம் நடக்கும் நாட்களில், முக்கியமாகக் கருட சேவையன்று, இந்தப் பக்கச் சாலைகளில் நேரம் கணக்கில் அடங்காது. அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

கர்னூலில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஏறினால் பஞ்சாபின் வாசல் வரைக்கும் அதுதான் துணை. ஹைதராபாத் நகருக்குள் போக வேண்டாம். சம்ஷாபாத்தில் வெளிவட்டச் சாலையில் ஏறி மேட்சல் பக்கம் இறங்கி, அங்கே இரவு தங்குங்கள். நகரத்தைத் தாண்டித் தங்கினால் மறுநாள் காலை நெரிசலில்லாமல் தொடங்கும்.

இரண்டாம் நாள் நிர்மல், அதிலாபாத் வழியாக நாக்பூர், 500 கி.மீ. மூன்றாம் நாள் சாகர். நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவே பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் ஓரமாகச் சாலை போகிறது. விலங்குகள் கடப்பதற்காகச் சாலையையே தூண்களின்மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பகலில் கடந்தால் பார்க்கலாம். நான்காம் நாள் ஜான்சி, குவாலியர் வழியாக ஆக்ரா. ஐந்தாம் நாள் பஞ்சாபின் ரோபர் வரை. இந்த ஐந்தாம் நாளில்தான் டெல்லியின் ஓரத்தைக் கடக்கிறீர்கள். பல்வலில் வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பி, கிழக்கு அல்லது மேற்குப் புறவட்ட விரைவுச்சாலையைப் பிடித்தால் குண்ட்லியில் மறுபடி 44-க்கு வந்துவிடலாம். இரண்டும் ஏறத்தாழ 135 கி.மீ. அக்டோபர் கடைசியிலிருந்து டெல்லியில் காற்று கெட்டுப்போகும்போது பழைய தர வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வரும், பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிக்குத் தனிச் சிக்கலும் உண்டு. உங்கள் வண்டிக்கு அப்போது எந்த விதி என்பதைப் புறப்படும் வாரத்தில் பார்த்துவிடுங்கள். ஹரியானாவிலும் பஞ்சாபிலும் வயல்களில் தாள் எரிக்கும் காலமும் அதுவே. காலையில் புகை தரையோடு படிந்து கிடக்கும். வெளிச்சம் நன்றாக வந்தபின் கிளம்புங்கள்.

ஆறாம் நாள் தூரம் குறைவு, 200 கி.மீ. அளவுதான். கீரத்பூர் சாகிப்பிலிருந்து பிலாஸ்பூர், சுந்தர்நகர், மண்டி, ஜோகிந்தர் நகர், பிறகு பைஜ்நாத்துக்கு முன்பே வலப்பக்கம் பிரிந்து பீர். மண்டி வரை இது மணாலி போகும் பாதை. குல்லு தசரா நடக்கும் வாரத்தில் நெரிசல் அதிகம். விஜயதசமி அன்று நம் ஊரில் தசரா முடியும்போதுதான் குல்லுவில் தொடங்குகிறது. அது ஏழு நாள் திருவிழா. மலைச்சாலை பழகாதவர் இந்த நாளில் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குகிறவர் ஓட்டட்டும்.

புகை மூடிய காலை தவிர ஒவ்வொரு நாளும் காலை 6 மணிக்கு எடுத்து மாலை 5 மணிக்கு நிறுத்துங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுநரை மாற்றுங்கள். மதியம் 2 முதல் 4 வரை உடம்பு தானாகவே கண்ணைச் செருகும் நேரம். அப்போது ஓட்டுகிறவர் மதியச் சாப்பாட்டைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். இரவில் ஓட்டவே கூடாது. பின்விளக்கு எரியாமல் நிற்கும் லாரியும், எதிர்த்திசையில் வரும் டிராக்டரும் அந்த நெடுஞ்சாலையில் அபூர்வம் அல்ல.

இறக்கையை எப்படிக் கொண்டு போவது

பாராகிளைடரின் துணி மெல்லிய நைலான். அதன்மேல் உள்ள பூச்சுதான் காற்றை உள்ளே பிடித்து வைக்கிறது. அந்தப் பூச்சுக்கு எதிரிகள் மூன்று: வெயில், வெப்பம், ஈரம். கடப்பா, கர்னூல் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் சூடு எவ்வளவு ஏறும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட நிறுத்தினால் நிழலில் நிறுத்துங்கள். பின்கண்ணாடிக்கு வெள்ளைத் துணி மறைப்புப் போடுங்கள். கூரைக் கேரியரில் இறக்கையை வைக்கவே வேண்டாம். அங்கே துணிப்பைகளும் தண்ணீர்க் கேன்களும் போகட்டும். இரவில் தங்குமிடத்தில் இறக்கையை அறைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுக்காக மட்டுமில்லை, துணியும் குளிர்ந்து ஓய்வெடுக்கும்.

பெட்ரோல் கேன், இன்ஜின் ஆயில் டப்பா, ஜம்பர் கேபிள் எதுவும் இறக்கைப் பையோடு ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. எண்ணெய் ஒரு சொட்டு பட்டாலும் பூச்சு கெடலாம். இப்போதைய போட்டி இறக்கைகளில் முன்விளிம்புக்குள் வளையும் கம்பிகள் இருக்கின்றன. ஆறு நாட்கள் அவை ஒரே மடிப்பில் அழுந்திக் கிடந்தால் வளைவு நிலைத்துவிடும். ஆகையால் முன்விளிம்பின் அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீளப் பையில் தளர்வாக மடியுங்கள். அதன்மேல் சூட்கேஸை ஏற்றாதீர்கள். உறையில்லாத மெல்லிய கயிறுகளை முடிச்சு விழாமல் சுற்றி, ஜிப் பல்லில் மாட்டாதபடி உள்ளே தள்ளுங்கள்.

ரிசர்வ் பாராசூட்டைப் புறப்படும் முன்பே புதிதாக மடித்து வையுங்கள். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை மடிக்கச் சொல்கிறார்கள். போட்டிக்கு வரும்போது கடைசி மடிப்புத் தேதி உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். ஆறு நாள் குலுக்கலில் ரிசர்வின் பூட்டு ஊசி தன் இடத்திலிருந்து நகர்ந்திருக்கலாம். பீர் போய்ச் சேர்ந்ததும் ஹார்னஸைத் தொங்கவிட்டு அந்த ஊசியைத்தான் முதலில் பாருங்கள்.

ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வேரியோ, ஜிபிஎஸ், போன் இவற்றின் லித்தியம் பேட்டரிகள் வெப்பத்தில் கெடும். அவை முன் இருக்கையில், உங்கள் காலடிப் பையில் வரட்டும்.

காகிதங்கள்

வண்டிக்கு: ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டும் எல்லாருடைய லைசென்ஸும். நம் பக்கத்து எஸ்.வி.புரம் சுங்கச்சாவடியைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு ஃபாஸ்டேக் புதிதில்லை. ஆனால் வழி நெடுகச் சுங்கம் கட்டப் போகும்போது 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டுப் பாஸ் சொந்தக் காருக்குப் பெரிய மிச்சம். அது தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும். மாநில விரைவுச்சாலைகளுக்கு ஃபாஸ்டேக்கில் தனியாகப் பணம் இருக்க வேண்டும்.

பறப்பதற்கு: திறன்நிலை அட்டை, போட்டி கேட்டால் இந்திய ஏரோ கிளப் வழியாகப் பெறும் விளையாட்டு உரிமம், மலை மீட்பையும் சேர்த்த காப்பீடு, மருத்துவச் சான்று, இறக்கையின் தரச் சான்று. உள்ளூர் நிர்வாகத்திடம் பதிவும் செய்ய வேண்டியிருக்கும். அங்கே ஆண்டுதோறும் மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, பறக்கத் தடை உண்டு.

ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் சட்டப்படிக் குற்றம். வெளிநாட்டு நண்பர் கொடுத்தார் என்று எடுத்துவர வேண்டாம். வாக்கி டாக்கியிலும் பல அலைவரிசைகளுக்கு உரிமம் தேவை. அமெச்சூர் அலைவரிசையில் பேச அதற்கான தேர்வு எழுதியிருக்க வேண்டும்.

சாப்பாடும் தண்ணீரும்

முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், மாலை வரை கெடாது. இரண்டாம் நாளிலிருந்து தாபாக்களில் சூடாகக் கண்முன் செய்யும் தால், ரொட்டி, முட்டை போதும். பச்சை வெங்காயமும் வெள்ளரியும் தட்டில் வரும், தொட வேண்டாம். ஹார்னஸில் மூன்று நான்கு மணி நேரம் தொங்க வேண்டியவருக்கு வயிற்றுப்போக்கு சிறிய உபாதை அல்ல. போட்டியே போய்விடும். வழியில் அடிக்கடி நிறுத்த வேண்டுமே என்று பலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள். அது தலைவலியாகவும் சோர்வாகவும் மறுநாள் வந்து நிற்கும். நன்றாகக் குடித்து அடிக்கடி நிறுத்துவதே சரி, இரண்டு மணி நேர ஓட்டுநர் மாற்றமும் அதோடு நடந்துவிடும்.

பீரில் முதல் மூன்று நாட்கள்

முதல் நாள் தூக்கம், பிறகு தரையில் இறக்கையை விரித்து ஒவ்வொரு கயிறாகப் பார்ப்பது. தரையிறங்கும் மைதானத்துக்கு நடந்துபோய், மதியம் காற்று எந்தப் பக்கம் மாறுகிறது என்று உட்கார்ந்து கவனியுங்கள். இரண்டாம் நாள் உள்ளூர் ஜீப்பில், பறக்கத் தொடங்கும் மேடான பில்லிங் ஏறுங்கள். 14 கி.மீ. குறுகலான பாதை. உங்கள் காரை அதில் ஏற்ற வேண்டாம், அந்த வளைவுகளைத் தினமும் ஓட்டுகிறவர்களிடம் விட்டுவிடுங்கள். அன்று பறக்காமல் பார்ப்பதே உத்தமம். மூன்றாம் நாள் சிறிய பறத்தல்.

இவ்வளவு நிதானம் எதற்கென்றால், வடமாலபேட்டை கடல் மட்டத்திலிருந்து அவ்வளவு உயரத்தில் இல்லை. பில்லிங் டேக் ஆஃப் 2,400 மீட்டர். நல்ல நாளில் தவுலாதர் மலையை ஒட்டி 4,000 மீட்டருக்கு மேலும் தெர்மல் தூக்கிக்கொண்டு போகும். அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு. மூச்சு வாங்குவதற்கு முன்பே முடிவெடுக்கும் திறன் மங்கத் தொடங்கும், அது நமக்கே தெரியாது என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. மலைக்குப் பின்பக்கம் இழுத்துச் செல்லப்பட்டவர்களும், விபத்தில் உயிர் இழந்தவர்களும் அந்த மலையில் உண்டு. குளிரையும் நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். மேலே விரல் மரத்தால் பிரேக்கின் அழுத்தத்தை உணர முடியாது. தடித்த கையுறை, கழுத்து மறைப்பு, காற்றுப் புகாத மேலாடை மூன்றையும் ஊரிலேயே வாங்கி, அணிந்து, கையுறையோடு கேரபினரைப் பூட்டிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

தரையில் இருப்பவரின் வேலை

டாஸ்க் நாளில் உங்களுக்காகத் தரையில் வண்டியோடு இருக்கும் ஓட்டுநர் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. பீரிலிருந்து மேற்கே பைஜ்நாத், பாலம்பூர், தர்மசாலா திசையில்தான் பெரும்பாலும் பறப்பார்கள். மலைக்கு இணையாகக் கீழே நெடுஞ்சாலை ஓடுகிறது. ஓட்டுநர் டாஸ்க் வரைபடத்தைக் காலையிலேயே வாங்கி, முக்கியமான திருப்புமுனைகளுக்கு நேர் கீழே எந்த ஊர் என்று குறித்து வைத்திருக்க வேண்டும். அவரிடம் இரண்டு நிறுவனங்களின் சிம் இருக்கட்டும், மலை மடிப்புகளில் ஒன்று வேலை செய்யாவிட்டால் மற்றது செய்யும். பறப்பவரின் ரத்தவகை, வீட்டு எண், மருந்து ஒவ்வாமை எழுதிய அட்டை வண்டியில் இருக்க வேண்டும்.

இறங்கியதும் பறப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, இறக்கையை மடிப்பதற்கு முன்பே, "பத்திரமாக இறங்கினேன்" என்று போட்டி நடத்துபவர்களுக்கும் ஓட்டுநருக்கும் சொல்வது. அதைச் சொல்லாமல் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டால், மீட்புக் குழு மலையில் தேடத் தொடங்கும். அன்று உண்மையிலேயே அடிபட்டுக் கிடக்கும் இன்னொருவருக்குப் போக வேண்டிய உதவி உங்களைத் தேடிப் போயிருக்கும்.

முதலில் வாகமண் போய் வாருங்கள்

பீருக்குப் போகும் ஆண்டிலேயே, மார்ச் மாதம், கேரளத்தின் வாகமண்ணுக்கு ஒருமுறை இதே வண்டியில் இதே குழுவோடு போய்வரச் சொல்வேன். 2024 மார்ச்சில் அங்கே கோலாகலமேட்டில் சர்வதேச பாராகிளைடிங் விழா நடந்தது. அங்கே நடப்பது குறிக்கோள் வட்டத்தில் சரியாக இறங்கும் போட்டி, நடுப்புள்ளியிலிருந்து விலகியதைச் சென்டிமீட்டரில் அளப்பார்கள். தூரப் பறத்தலின் களைப்பு இதில் இல்லை. சித்தூர், வேலூர், கிருஷ்ணகிரி, சேலம், திண்டுக்கல், தேனி, குமுளி, ஏலப்பாறை என்று 700 கி.மீ. அளவு, வழியில் ஓர் இரவு தங்கினால் போதும். குமுளி ஏற்றத்தில் யார் மலைப்பாதையில் நிதானமாக ஓட்டுகிறார், யாருக்கு வளைவில் தலைசுற்றுகிறது, யார் மதியத்தில் தூங்கி விழுகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதை வைத்தே பீர் பயணத்தின் ஆறு நாட்களையும் யார் யார் ஓட்டுவது என்று பிரித்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது

பரிசளிப்பு முடிந்த இரவே வண்டியை எடுப்பது பலருடைய வழக்கம். எடுக்காதீர்கள். ஒரு வாரம் உயரத்திலும் குளிரிலும் பறந்த உடம்பு அன்று இரவு மலையிறங்கத் தகுந்தது அல்ல. மறுநாள் காலை வெயில் ஏறுமுன், நிழலான காற்றில் இறக்கையை விரித்துப் புல் ஈரம் முழுக்க உலரவிட்டுப் பிறகு மடியுங்கள். ஈரத்தோடு ஆறு நாட்கள் பையில் கிடந்த துணியில் பூஞ்சை பிடிக்கும், அதன்பின் எதைச் செய்தாலும் போகாது. உள்ளே சிக்கிய வெட்டுக்கிளி, புல், மணல் எல்லாவற்றையும் உதறிவிடுங்கள். செத்த பூச்சியின் சாறும் துணியைத் தின்னும். கிழிசல் ஏதாவது இருந்தால் பீரிலேயே இறக்கை தைக்கும் கடைகள் இருக்கின்றன. நம் பக்கத்தில் அந்த வேலை தெரிந்தவரைத் தேடுவதைவிட ஒரு நாள் கூடத் தங்கி அங்கேயே முடித்துக்கொண்டு வருவது எளிது.